மூச்சுப் பகுதி

பிப்ரவரி 4, ஞாயிறு

இந்த விவகாரம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. தேதி போட்டு எழுதி வைத்தால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

காலை பதினொரு மணிக்கு 'உரக்க' குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வழக்கம்போல இணையத்தில். கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் 'உரக்க'. பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கியது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை அதே நிபந்தனையில் மற்றவர்களுக்கும் தரவேண்டும், அவ்வளவுதான் உரிமம். பதினான்கு வருடங்களில் நாற்பத்தொரு பேர் கைவைத்திருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஒருங்கிணைப்பாளன் ரிஸ்வான் புதுச்சேரியிலிருந்து பேசினான். பெங்களூரில் அகவொலி என்று ஒரு நிறுவனம் 'உரக்க'வைப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறது. சர்வர், சோதனைக் கருவிகள், அவனுக்கு முழுநேர வேலை எல்லாம் உண்டு. "ஒரே ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றான். நாற்பத்தொரு பேரும் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம் என்ற ஒன்றில் கையெழுத்துப் போடவேண்டும். மார்ச் 31 கடைசி நாள்.

"ஃபார்மாலிட்டி எத்தனை பக்கம் தம்பி?" என்று இன்னாசிமுத்து கேட்டார். திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்துப் பிழைகளை அவர் ஒன்றுவிடாமல் சொல்வதற்குக் குழுவில் 'குற்றப்பத்திரிகை வாசிப்பு' என்று பெயர்.

"பதினொண்ணு சார்."

"என் கல்யாணத்துக்கே சர்ச்சுல ஒரு பக்கத்துலதான்யா கையெழுத்து வாங்குனாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மதியம் மாவு அரைத்தேன். மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பதினொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன்.

நான்காவது பிரிவுதான் விஷயம். நாங்கள் கொடுத்ததை நிறுவனம் எந்த உரிமத்தின் கீழும் வெளியிடலாம். விரும்பினால் பூட்டியும் விற்கலாம். மற்ற எல்லோரும் பழைய உரிமத்துக்குக் கட்டுப்படவேண்டும், அவர்கள் மட்டும் வேண்டாம். சேர்ந்து வெட்டிய கிணற்றில் ஒருவருக்கு மட்டும் மூடி போடும் அதிகாரம். இன்றைக்கு நல்லவர்களாக இருக்கலாம். நாளைக்கு நிறுவனத்தை வேறு யாராவது வாங்கினால் இந்தக் கையெழுத்துகளும் சேர்ந்தே கைமாறும்.

ஏழாவது பிரிவு, ஒவ்வொரு பங்களிப்பும் கையெழுத்திடுபவரின் சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி. வழக்கமான வாசகம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கூட்டத்தில் நான்காவது பிரிவைப் பற்றிச் சொன்னேன். ரிஸ்வான் முகம் மாறிவிட்டது.

"மேடம், மத்தவங்க சொன்னா பரவாயில்ல. நீங்க போடலைன்னா மூச்சுப் பகுதி போச்சு. மூச்சுப் பகுதி போச்சுன்னா என்ன இருக்கு?"

ஒரு நீண்ட வாக்கியத்தைப் படிக்கும்போது எங்கே சற்று நிறுத்துவது, எங்கே நிறுத்தாமல் போவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று முடிவு செய்கிற பகுதி அது. அது வருவதற்கு முன் 'உரக்க' ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி படிக்கும். வந்த பிறகுதான் மனிதர்கள் ஒரு முழுப் புத்தகத்தை அதில் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதியில் செய்த மாற்றங்கள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். எல்லாம் என் பெயரில் இருக்கின்றன.

"எனக்குக் கொள்கைதான் முக்கியம் ரிஸ்வான்" என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் இன்னாசிமுத்து தனியாகக் கை தட்டினார்.

பிப்ரவரி 15, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. கண்டென்சராம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

குழுவுக்கும் நிறுவனத்துக்கும் பொதுவாக ஒரு திறந்த மடல் எழுதி வெளியிட்டேன். நான்காவது பிரிவுக்கு எதிரான காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் மாற்று ஒன்றைச் சொன்னேன். வெறுமனே வேண்டாம் என்று சொல்லும் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பத்தியை இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"கொடுப்பவர் தனக்குரியதைத்தான் கொடுக்கிறார் என்று தெரியவேண்டும், அது நியாயமான கேள்வி. அதற்குப் பதினொரு பக்கம் தேவையில்லை. 'இது என் சொந்தப் படைப்பு, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்ற ஒரு வரி போதும். அந்த வரிக்கு மேல் எங்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை."

உலகத்தில் இந்த வகை ஒப்பந்தத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் மாற்றுதான் இது. கை தானாக எழுதியது.

என் கணவர் கந்தவேல் மடலைப் படித்துவிட்டு, "நம்ம ஒர்க்‌ஷாப் யூனியன்ல உன்னை விட்டா செயலாளர் ஆக்கிடுவாங்க" என்றார். பொன்மலை ரயில் பணிமனையில் இருபத்தாறு வருடம். யாரையும் பாராட்டுவதென்றால் அவருக்கு யூனியன்தான் அளவுகோல்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மடலில் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதலில் போட்டது ஈரோட்டுக் குழலி. "அரசி மேடம் நிக்கிற பக்கம் நான் கண்ணை மூடிட்டு நிப்பேனுங்க" என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவது இன்னாசிமுத்து: "எனக்குக் கண்ணை மூடும் வேலை மிச்சம்."

பிப்ரவரி 25, ஞாயிறு

நிறுவனத்தின் வழக்கறிஞர் வைஜெயந்தி பேசினார். பெங்களூர்த் தமிழ்ப் பெண், நாற்பது இருக்கலாம். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ மடலை அச்செடுத்து அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு பேசினார். என் வாதம் ஒன்றையும் திரிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எச்சரிக்கை அதிகம்.

கடைசியில், "ஒரு பர்சனல் கேள்வி மேடம். எங்க அத்தைக்குக் கண் போயிடுச்சு. தினமும் உரக்கலதான் பேப்பர் கேக்குறாங்க. நடுநடுவுல நிறுத்திப் படிக்கிறதை எப்படி மேடம் யோசிச்சீங்க?"

கல்லூரியில் தேர்வு மேற்பார்வைக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை.

மார்ச் 1, வெள்ளி

ரிஸ்வான் தனியாகக் கூப்பிட்டான். டிசம்பரிலேயே பழைய வேலையை விட்டுவிட்டானாம். இந்த ஏற்பாடு நடக்கும் என்ற நம்பிக்கையில்.

"யார்கிட்டயும் சொல்லல மேடம். உங்களைக் குறை சொல்லவும் இல்ல. நீங்க சொல்றது கரெக்ட்தான். அதான் கஷ்டமா இருக்கு."

வகுப்பு இருந்தது. போனேன். முப்பத்தெட்டு பேரில் இருபது பேர் வந்திருந்தார்கள். பாதி வகுப்பில் உடம்பு திடீரென்று கொதித்தது. வயது.

மார்ச் 3, ஞாயிறு

பழைய நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் பேசினேன். மூன்று வருடம் கழித்து. நலமாக இருக்கிறார்.

மார்ச் 8, வெள்ளி

கல்லூரியில் மகளிர் தின விழா. நிறுவனத்தோடு நடக்கும் தகராறு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்திருப்பதால் இந்த வருடம் நான்தான் அகப்பட்டேன். வேண்டாம் என்று முதல்வரிடம் இரண்டு முறை சொன்னேன். "அடக்கம்! அடக்கம்!" என்று துறைத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

மேடையில் நடுநாற்காலி. பூங்கொத்து, சால்வை. "மௌனமாக இருந்த இயந்திரத்துக்கு மூச்சுக் கொடுத்த மங்கையர்க்கரசி" என்று முதல்வர் சொன்னபோது பின்வரிசையில் விசில். மாணவிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேடையின் இரண்டு படிக்கட்டுகளையும் பூந்தொட்டி வைத்து மறைத்திருந்தார்கள். எழுந்து போகவேண்டுமென்றால் தாண்டித்தான் போகவேண்டும்.

2016-இல் ஒரு விருது வாங்கினேன். அப்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்.

வைஜெயந்தி கூட்டத்துக்கே வந்து அறிவித்தார். பதினொரு பக்க ஒப்பந்தம் கிடையாது. நான்காவது பிரிவு கிடையாது. பழைய உரிமம் அப்படியே நீடிக்கும். நிறுவனமும் அதற்குக் கட்டுப்படும். "மங்கையர்க்கரசி மேடம் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் போதும். அவங்க எழுதின வார்த்தையையே வச்சிருக்கோம், ஒரு கமா கூட மாத்தல." இதுவரை கொடுத்ததற்கும் சேர்த்து நாற்பத்தொரு பேரும் உறுதி சொல்லவேண்டும். திரையில் ஒரு பொத்தான். அழுத்தினால் முடிந்தது.

குழலி அழுதுவிட்டாள். ரிஸ்வான் எழுந்து நின்று சலாம் வைத்தான். இன்னாசிமுத்து, "குற்றப்பத்திரிகை இன்னிக்கு ரத்து. நீதிபதி லீவு" என்றார். எல்லோரும் என்னைப் பேசச் சொன்னார்கள். இணைப்பு சரியில்லை என்றேன்.

மார்ச் 11, திங்கள்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மூச்சுப் பகுதியை எழுதியது நவநீதன்.

2011 வரை எங்கள் கல்லூரியில் விரிவுரையாளர். என்னைவிட மூன்று வயது இளையவர். 'உரக்க'வில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். பிறகு சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். அங்கே ஒப்பந்தம் கடுமை. ஊழியர் வீட்டில் உட்கார்ந்து எழுதினாலும், விடுமுறையில் எழுதினாலும், அது நிறுவனத்தின் சொத்து. ஆனால் அவருக்குள் இந்தப் பகுதி பாதி எழுதிக் கிடந்தது. விட மனமில்லை. 2012-இல் ஒருநாள் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, "அரசி, இதை உங்க பேர்ல பதிஞ்சிடுங்க. ஒரு தடவைதான்" என்றார்.

எங்கள் குழுவில் அப்போது அது புதிதில்லை. மின்னஞ்சலில் வருவதை மூலநிரல் களஞ்சியத்துக்குள் சேர்க்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். யார் அனுப்பினாலும் சேர்ப்பவர் பெயரில்தான் பதிவாகும். எழுதியவர் பெயரைத் தனியாகக் குறிக்க ஒரு வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு நான் குறித்தேன். இவருக்குக் குறிக்கவில்லை.

ஒரு தடவை ஒன்பது வருடம் ஆயிற்று. நூற்று நாற்பத்துமூன்று மின்னஞ்சல்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து மாற்றங்கள். நான் ஓட்டிப் பார்ப்பேன், சோதிப்பேன், பிழை சொல்வேன், அவர் திருத்துவார், நான் பதிவேன். 2021-இல் அவர் அந்த நிறுவனத்தில் இயக்குநர் ஆனார். அத்தோடு நின்றது.

என் மடலில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. நான்காவது பிரிவு அநியாயம். நாளைக்கும் அதைத்தான் சொல்வேன். மறைக்க ஒன்றும் இல்லாதவளாக இருந்திருந்தால் அந்த மடலை எழுதியிருப்பேனா என்பது வேறு கேள்வி. பிப்ரவரி 6 குறிப்பில் ஏழாவது பிரிவைப் பற்றி நான் எழுதியிருப்பதை இப்போது படித்துப் பார்த்தேன்.

அழுத்தினால் பொய். அழுத்தாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவர் பெயரைச் சொன்னால் அவர் வேலை போகும். அதோடு அவருடைய நிறுவனம் மூச்சுப் பகுதியைத் தன்னுடையது என்று கேட்டு வரலாம். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 14, வியாழன்

விடைத்தாள் திருத்தும் முகாம். காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் மாலை ஐந்துக்குத்தான் விடுவார்கள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நாற்பது தாள். எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. கந்தவேல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"நீ எழுதலையா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப அந்த விருது?"

"என் பேருக்குத்தான் வந்தது."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு எழுதினது?" என்றார்.

சொன்னேன்.

"நவநீதனா? நம்ம கிரகப்பிரவேசத்துக்கு வந்து ஹால்ல ஃபேன் மாட்டிக் கொடுத்தாரே, அவரா?"

"ஆமாங்க."

"ஒன்பது வருஷம் மெயில் போட்டுக்கிட்டே இருந்தாரா?"

"வேலை விஷயமாத்தான்."

"நான் வேற என்னன்னு கேட்டேன்?" என்று எழுந்துபோய்க் கீரையை அலசினார். அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அதைவிட வெகுநேரம் குழாய் ஓடியது.

சாப்பிடும்போது, "பொத்தானை அழுத்திட்டு வேலையைப் பாரு. யாரு வந்து தோண்டப்போறா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

மார்ச் 20, புதன்

நவநீதனைக் கூப்பிட்டேன். 3-ஆம் தேதி பேசிய 'பழைய நண்பர்' அவர்தான். அன்றைக்கும் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொன்னார்.

"ஒரு க்ளிக் அரசி. இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறீங்க."

"என் சொந்தப் படைப்புன்னு இருக்கு."

"அதுல என்ன பொய்? ஞாபகம் இருக்கா, தலையங்கத்தை உங்களைப் படிக்கச் சொல்லி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுவேனே? எங்க நிறுத்துறீங்க, எவ்ளோ நேரம் நிறுத்துறீங்கன்னு அளந்துதான் அத்தனை எண்ணும் போட்டேன். மூச்சு உங்களோடது. கணக்கு மட்டும்தான் என்னோடது."

மறக்கவில்லை. இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் படித்திருக்கிறேன். இருபத்திரண்டு மணி நேரம். அதைப் பற்றி இங்கே எழுதவேண்டியது ஒன்றும் இல்லை.

"நீங்களே சொல்லிடலாமே" என்றேன்.

சிரித்தார். "பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. என் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்பது வருஷம் கம்பெனி சொத்தை வெளிய கொடுத்தேன்னு ஆகும். இந்த வயசுல என்னை வாசல்ல நிறுத்துவாங்க."

"சரி."

"மெயில் எல்லாம் நான் அப்பவே அழிச்சிட்டேன். நீங்களும் அழிச்சிடுங்க அரசி. அப்புறம் கேக்குறதுக்கு ஆளே இல்ல."

வைத்த பிறகு யோசித்தேன். மூச்சு என்னுடையது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மூச்சு விட்டதற்காக யாரும் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை.

மின்னஞ்சல்களை அழிக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

நாற்பது பேர் அழுத்திவிட்டார்கள்.

மார்ச் 28, வியாழன்

இன்னாசிமுத்து பேசினார்.

"மேடம், கல்யாண வீட்டுல எல்லாரும் உக்காந்தாச்சு, பொண்ணு மட்டும் ரூமை விட்டு வரலை. என்ன விஷயம்?"

"முகாம்ல வேலை அதிகம்."

"நீங்க கேட்ட வரிதான மேடம்?"

"ஆமா."

"நீங்க எழுதுன வரிதான?"

"ஆமா."

இன்னாசிமுத்து கேட்பதையே தொழிலாகக் கொண்டவர். குரல் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போகாது. "சரி மேடம், முகாம் முடியட்டும்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

கூட்டத்தில் இருபத்தேழு பேர். இவ்வளவு பேர் எப்போதும் வந்ததில்லை. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பேசினால் நடுவில் மாற்றிவிடுவேன் என்று பயம்.

"மூச்சுப் பகுதி என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை எழுதியது நான் அல்ல. இன்னொருவர் எழுதி அனுப்பியதை என் பெயரில் பதிந்தேன். அவர் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா என்றும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அதை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். மீதியுள்ள என் பங்களிப்புகளுக்கு உறுதிமொழி தருகிறேன்."

மீதி என்பது நிறுவும் முறைக்கான கோப்புகளும் பயனர் கையேடும்.

"நாளைக்குத்தான் ஏப்ரல் ஒண்ணு மேடம்" என்று ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

குழலிதான் முதலில் பேசினாள். "நாங்க உங்க பின்னாடி நின்னோமுங்க மேடம். எதுக்காக நின்னோம்னு இப்ப நீங்க சொல்லுங்க."

"நான்காவது பிரிவுக்காக."

"நீங்க?"

எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் கேமராவை அணைத்துவிட்டாள். ஒவ்வொரு கட்டமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் ரிஸ்வானும் நானும்தான். "மீட்டிங் மினிட்ஸ்ல எப்படி எழுதுறது மேடம்?" என்று கேட்டான். நான் சொன்னதை அப்படியே எழுது என்றேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

வைஜெயந்தியின் கடிதம். மரியாதையான கடிதம். மூச்சுப் பகுதி நீக்கப்படுகிறது. அதைப் புதிதாக எழுதும் வேலை கோவையைச் சேர்ந்த இரண்டு பேருக்குத் தரப்படுகிறது. பழைய நிரலை இதுவரை கண்ணால் பார்க்காதவர்கள் என்பதால்தான் அவர்கள். பழைய நிரலைப் படித்தவர் எவரும் புதியதை எழுதவோ, திருத்தவோ, அதைப் பற்றி வாய்மொழியாகவோ எழுத்திலோ ஆலோசனை சொல்லவோ கூடாது. மீறினால் புதியதும் கறைபட்டதாகிவிடும்.

ரிஸ்வானுக்கு வேலை உறுதியாகிவிட்டது. நல்லது.

பழைய நிரலை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கல்லூரி இணையதளத்தில் இருந்த என் படத்தை எடுத்துவிட்டார்கள். விளக்கக் கடிதம் கேட்டு முதல்வர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். பொது மடல் குழுவில் ஒருவர் 'திருட்டு' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். யாரிடமிருந்து திருடினேன் என்று இன்னொருவர் கேட்க, அதற்குக் கீழே ஊகங்கள். இறந்துபோன ஒரு பேராசிரியர் பெயர்கூட அதில் இருக்கிறது. அவருக்கு நிரல் எழுதவே தெரியாது. இல்லை என்று எழுதினால் ஊகப் பட்டியலில் மிச்சம் இருப்பவர்கள் எண்ணிக்கை குறையும். எழுதவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை. நவநீதனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கை கழுவிவிட்டு வருவதற்குள் அழித்திருந்தார். கந்தவேல் பார்த்தாரா தெரியாது. வடை நன்றாக இருக்கிறது என்றார்.

மே 7, செவ்வாய்

விளக்கக் கடிதம் கொடுத்தேன். நான்கு வரி. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று கேட்டேன். முதல்வர் ஜன்னலைப் பார்த்தார்.

மே 19, ஞாயிறு

பதினொரு மணி. கூட்டத்துக்கான இணைப்பு இன்னும் எனக்கு வருகிறது. பட்டியலிலிருந்து நீக்க மறந்திருப்பார்கள். மெத்தை உறைகளைத் துவைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

புதிய 'உரக்க' வெள்ளிக்கிழமை வெளியானது. நான் பதிவிறக்கிக்கொள்ளவில்லை. மாலையில் இன்னாசிமுத்து கூப்பிட்டார். மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல்முறை.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்."

"உங்க மேல கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா நான் குத்தம் சொல்லச் சொல்ல, 'சரி பண்றேன் சார்'னு சொன்னீங்களே, நீங்க பண்ணலையாமே. அது யாருன்னு கேக்கணும்னு தோணுது. கேக்க மாட்டேன்." பெருமூச்சு விட்டார். "இப்ப வேற விஷயம். இதைக் கேளுங்க."

கைபேசியை ஒலிபெருக்கி பக்கத்தில் வைத்தார். வங்கிக் கடிதம் ஒன்று. வாக்கியம் ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு, 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட' என்றது. நின்றது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. 'வில்லை' என்றது.

"கேட்டீங்களா? பாதி வார்த்தையில உக்காந்துக்குது. முந்தாநாள் கவுண்டர்ல ஒரு அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டுனேன். அந்த ஒரு செகண்டுல அந்தம்மா முகம் எப்படிப் போயிருக்கும்னு எனக்கே தெரிஞ்சுது. கோயம்புத்தூர்ப் பசங்க நல்ல பசங்கதான், மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறாங்க. எங்க தப்புன்னு பிடிபடலை. உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

2013 ஜனவரியில் இதே பிழை வந்தது. நான்தான் கண்டு சொன்னேன். திருத்தம் பதினொரு வரி. கண்ணை மூடினால் ஒவ்வொரு வரியும் தெரிகிறது.

"சொல்லுங்க, அனுப்பிர்றேன்."

"சொல்லக்கூடாது சார். நான் சொன்னா புதுசையும் தூக்கிடுவாங்க."

"நீங்க சொன்னதா நான் சொல்லலைன்னா?"

அவருக்கே புரிந்துவிட்டது. "ஆமால்ல, அங்கதான ஆரம்பிச்சுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை.

"சரி மேடம். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானா யோசிக்கிறேன், சத்தமா. சரியான எடம் வந்தா ஒரு 'ம்' போடுங்க. 'ம்' ஆலோசனைல சேராது."

என்னை யோசிக்க விடாமல் ஆரம்பித்துவிட்டார். எழுத்துகளை எண்ணி வெட்டுகிறதோ என்றார், இல்லை, அப்படியானால் எல்லாச் சொல்லிலும் வெட்டவேண்டுமே என்று அவரே தள்ளினார். குரல்கோப்பு பழசோ என்றார். மூன்றாவதாக, நீளமான சொல்லைப் பிரித்துப் பார்த்து அலசுகிற பகுதி, அலசி முடித்ததும் திரும்ப ஒட்டாமலே மூச்சுப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறதோ என்றார்.

அதுதான்.

காத்திருந்தார். அவர் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. சமையலறையில் கந்தவேல் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். நான் கைபேசியை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லையா?" என்றார் இன்னாசிமுத்து. "சரி, நாலாவது" என்று அடுத்ததற்குப் போனார்.